கணுக்காலில் இருக்கும் திருகு

"ஏனுங் டாக்டரு, உள்ள கெடக்குற இரும்பக் கழட்டிப் போட்டறலாமுங்களா?"

ஈரோட்டில் எலும்பு மருத்துவரிடம் அத்தை இன்று கேட்டது. சென்னிமலைப் படியில் வழுக்கி உடைந்த கணுக்கால். தகடு வைத்துத் திருகி முடுக்கிய எலும்பு எப்போதோ கூடிவிட்டது. செருப்பு வார் உரசினால் மட்டும் வலி.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, தகட்டில் வரிசையாக நின்ற திருகுகளைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார் மருத்துவர்.

கழற்றினால் எலும்பில் திருகு இருந்த ஓட்டைகள் உடனே மூடாது. எலும்பு வளர்ந்து நிரம்பச் சில மாதமாகும். அதற்குள் கால் பிசகினால் அங்கேயே மறுபடி உடையலாம். திருகின் தலை தேய்ந்திருந்தால் கழற்றுவது கடினம், பாதி உள்ளேயே முறியவும் கூடும். தோலுக்கடியில் ஓடும் நரம்பு அடிபட்டால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும். அத்தைக்குச் சர்க்கரை வேறு. புண் ஆறாமல் சீழ் பிடித்தால் என்ன செய்வது?

இவ்வளவுக்கும் பிறகு வலி போகும் என்ற உறுதியும் கிடையாது.

உடம்புக்குள் இரும்பு இருந்தால் துருப்பிடிக்கும் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்ட பயம்தான் அத்தையை இங்கே கொண்டுவந்தது. அது டைட்டானியம் அல்லது துருப்பிடிக்காத எஃகு. தொந்தரவில்லை என்றால் ஆயுசுக்கும் கிடக்கலாம்.

சீழ் வைத்தாலோ, திருகு தளர்ந்து தோலைத் துருத்தினாலோ எடுத்துத்தான் ஆகவேண்டும், சரி. மற்றபடி கத்தி வைக்கும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்த வலி திருகால்தான் வருகிறதா?