கறுத்துப்போன ரோஜா

போன மாதம் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் ரோஜா வாங்கி, இதழ்களை நிழலில் உலர்த்தி, வீட்டில் காய்ச்சிய சோப்பின் மேல் ஆசையாகத் தூவினேன். காலையில் அச்சைத் திறந்தால் எல்லாம் கறுப்பும் பழுப்பும். ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, சோப்புல எதுக்குப் புளியப் பிச்சுப் போட்டிருக்க?" என்றாள்.

எல்லாம் காரத்தின் வேலை. 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 87 கிராம் காஸ்டிக் சோடா, அதுதான் அந்தக் காரம். அதில் ரோஜாவின் சிவப்பு நிற்காது. கேந்திப் பூவின் மஞ்சள் வேறு வகை நிறமி, தாங்கிவிடுகிறது. (சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றவே கூடாது. அலுமினியச் சட்டி பக்கம் போகாதீர்கள்.)

சரி என்று இந்தத் தடவை கேந்தி. இதழ்களை மட்டும் ஆய்ந்து மொறுமொறுவெனக் காயவிட்டு, சோப்புக் கூழ் தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் தூவினேன். தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் அன்றே வெட்டினேன். ஓர் இதழ் கத்தியோடு இழுபட்டு, வெள்ளைச் சோப்பில் மஞ்சளாக ஒரு கோடு. எனக்கு அந்தத் துண்டுதான் பிடித்திருக்கிறது.

இன்னும் நான்கு வாரம் பரணில் காய வேண்டும். ஆச்சி இப்போதே ஒன்று கேட்கிறாள், குளிக்க இல்லை, சேலைப் பெட்டியில் வைக்கவாம்.