ஸ்மோக்கி மலையில் நான்கு நாள்

ஜூலை 10, 2023, திங்கள்

அட்லாண்டாவில் காலை ஏழு மணிக்குக் கிளம்பியும், படுக்கை, சமையல் வசதியுள்ள 25 அடி ஆர்வி வண்டியை மலை வளைவுகளில் மெதுவாக ஏற்றி, ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் உள்ள எல்க்மான்ட் முகாமுக்கு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. இங்கே மின் இணைப்பும் கிடையாது, தண்ணீர்க் குழாய் இணைப்பும் கிடையாது. ஜெனரேட்டரை இரவு எட்டு மணிக்கு அணைத்துவிட வேண்டும். எட்டு மணிக்கு எல்லா வண்டிகளும் அடங்கியதும் ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டதே, அதற்காகவே வரலாம். வீட்டில் காய்ந்து கிடந்த விறகைக் கொண்டுவரவில்லை. வெளி விறகில் பூச்சி ஒளிந்து வரும் என்பதால், சூடுபடுத்திச் சான்று பெற்ற கட்டைகளுக்கு மட்டும்தான் பூங்காவுக்குள் அனுமதி. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம், குளிர்பெட்டி, பற்பசை வரை எல்லாம் வண்டிக்குள் போய்விட்டது, கரடி வரும் இடம்.

ஜூலை 11, செவ்வாய்

கிளிங்மன்ஸ் டோம். 6,643 அடி, இந்தப் பூங்காவிலேயே உயரமான இடம். கடைசி அரை மைல் நல்ல ஏற்றம், அம்மா மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி வந்துவிட்டாள். மேலே மூடுபனிக்குள் ஃபிரேசர் ஃபிர் மரங்கள் பட்டையும் இலையும் இல்லாமல் வெள்ளை எலும்பாக நிற்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த அடெல்ஜிட் என்ற ஒரு சின்னப் பூச்சி செய்த வேலை. மனசு கனத்துப் போனது. ஆனால் அந்தப் பட்ட மரங்களின் காலடியிலேயே இடுப்பளவு உயரத்தில் கன்றுகள் பச்சையாக எழும்பி நிற்பதையும் பார்த்தோம்.

ஜூலை 12, புதன்

கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கு. கோடையில் புதன்கிழமைகளில் அங்குள்ள 11 மைல் வளையச் சாலையில் கார் விடுவதில்லை, சைக்கிளும் நடையும்தான். மகள் முழுச் சுற்றும் மிதித்துவிட்டாள். தூரத்துப் புல்வெளியில் ஒரு தாய்க் கரடியும் இரண்டு குட்டியும். வேறெதுவும் எழுதத் தெம்பில்லை.

ஜூலை 13, வியாழன்

ஆலம் கேவ் பாதை. அங்கே ஆர்வியை நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம் என்று முகாமில் பக்கத்து இடத்துப் பெரியவர் தன் டிரக்கிலேயே விடியற்காலையில் கூட்டிப் போனார். ஓடையோரம் ரோடோடென்ட்ரான் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நடுநடுவே பட்டுப்போன பெரிய ஹெம்லாக் மரங்கள். இதையும் ஒரு அடெல்ஜிட்தான் தின்கிறது, இது ஜப்பானிலிருந்து வந்த வேறு இனம், இந்தப் பூங்காவில் 2002-இல் தென்பட்டது. உயிரோடு இருந்த ஒரு மரத்தின் கிளையை மகள் மெல்லத் திருப்பிப் பார்த்து, "அப்பா, இதுலயும் வெள்ளையா இருக்கே!" என்று பதறிவிட்டாள். பெரியவர் குனிந்து காட்டினார்: ஒவ்வொரு ஊசியிலையின் அடிப்பக்கமும் இரண்டு வெள்ளைக் கோடு, அது மரத்துக்கே உரியது. பூச்சி என்றால் இலை காம்பில் சேரும் இடத்தில் பஞ்சுத் துளி மாதிரி ஒட்டியிருக்குமாம். இந்தக் கிளையில் பஞ்சு இல்லை. வேரடி மண்ணில் மருந்து ஊற்றி ஊழியர்கள் பல மரங்களைக் காப்பாற்றி வருகிறார்கள், இதுவும் அப்படிப் பிழைத்ததாக இருக்கலாம் என்றார்.

2.3 மைலில் குகை என்ற பெயரில் இருப்பது முன்னே சாய்ந்து நிற்கும் பெரிய பாறைதான். அதனடியில் போய் நின்ற ஐந்தாவது நிமிஷம் இடியோடு மழை பிடித்துக்கொண்டது. பாறை விளிம்பிலிருந்து தண்ணீர் திரைபோல விழ, எங்கள் காலடியில் மண் மட்டும் மாவு போல உலர்ந்தே இருந்தது. அம்மா ஃபிளாஸ்க்கைத் திறந்து பெரியவருக்கும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி ஊற்றினாள். மகள் மழைத் திரைக்கு அப்பால் தெரிந்த மரங்களில் எது ஹெம்லாக் என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.