தூங்கி இழந்த ஓட்டு, 50 வெள்ளி

2023 ஜூன் 8ஆம் தேதி தர்மன் சண்முகரத்னம் சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்தார். செய்தியைப் பார்த்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒன் பேரு லிஸ்ட்ல இருக்கா, இல்லையா?"

இல்லை. எனக்கே தெரியும்.

2020 ஜூலை 10, பொதுத் தேர்தல். துவாஸில் ஒரு கிடங்கில் எனக்கு இரவு வேலை. காலையில் வீடு திரும்பும்போது எங்கள் அடுக்குமாடி புளோக் கீழே ஓட்டுப் போட நீளமான வரிசை, கோவிட் காலம் என்பதால் ஆளுக்கு ஒரு மீட்டர் இடைவெளி. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். அன்று வாக்களிப்பு நேரத்தை இரவு 8 மணியிலிருந்து 10 மணிக்கு நீட்டித்தார்கள். நான் எழுந்தது 10.20க்கு. ரெண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தும் கோட்டை விட்டவன் நான்.

இங்கே வாக்களிப்பது கட்டாயம். போடாவிட்டால் சிறையெல்லாம் கிடையாது, ஆனால் வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். திரும்பச் சேர்க்க நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருஷமாக "அப்புறம்" என்று தள்ளிப்போட்டேன்.

வேலை என்னவோ சுலபம்தான். தேர்தல் துறையின் இணையத்தளத்தில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு மூலம் நுழைந்து, ஏன் வாக்களிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வேலை, படிப்பு, நோய், பிரசவம் என்றால் ஏற்றுக்கொள்வார்கள். தகுந்த காரணம் இல்லையென்றால் 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டணம். காய்ச்சல் என்று எழுதலாமா என்று ஒரு நிமிஷம் கை அரித்தது. பக்கத்தில் அம்மா. உள்ளதைச் சொல்லிப் பணத்தைக் கட்டினேன். "அம்பது வெள்ளிக்கு எத்தன கிலோ மீன் வாங்கலாம்" என்று அந்த வாரம் முழுக்க கணக்குப் பார்த்தார்.

ஒன்று கவனிக்கணும்: தேர்தலை நடத்தச் சொல்லும் ஆணையைப் பிறப்பித்துவிட்டால் அந்தத் தேர்தல் முடியும்வரை பெயர் சேர்க்க முடியாது. ஆணை ஆகஸ்ட் 11ஆம் தேதி வந்தது. அம்மா ஜூனிலேயே விரட்டாமல் இருந்திருந்தால் இந்தத் தடவையும் போயிருக்கும்.

அம்மா விரட்டியதற்குக் காரணம் உண்டு. 2011 அதிபர் தேர்தலில் நான்கு பேர் நின்றார்கள், நான்கு பேருக்கும் குடும்பப் பெயர் 'டான்'. டோனி டான் ஜெயித்தது வெறும் 7,382 ஓட்டு வித்தியாசத்தில். எங்கள் பேட்டையில் சில புளோக்குகளைச் சேர்த்தாலே அவ்வளவு பேர் இருப்பார்கள். 2017இல் ஹலிமா யாக்கோப் போட்டியின்றி வந்துவிட்டதால் ஓட்டே இல்லை. ஆக, அதிபருக்கு ஓட்டுப் போடுவது 12 வருஷத்துக்குப் பிறகு 2023இல்தான்.

வாக்காளர் அட்டை தபால்பெட்டிக்கு வந்தபோது, என் பெயர் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை, பொது விடுமுறை. காலை ஒன்பது மணிக்கு அம்மாவோடு இறங்கினேன். கைத்தடியைப் பார்த்ததும் ஒரு மலாய் அதிகாரி அம்மாவை முன்னால் அழைத்துக்கொண்டார். என்னை இல்லை. அடையாள அட்டையை ஸ்கேன் செய்து வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். மூன்று படம், மூன்று சின்னம். தர்மனுக்கு அன்னாசி. ஹொக்கியனில் அதை 'ஓங் லாய்' என்பார்கள், அதிர்ஷ்டம் வருகிறது என்ற பொருளும் அதில் ஒலிக்கும். எங்கள் மாடி சீன ஆன்ட்டி அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தார்.

பேனாவுக்குப் பதில் இந்த முறை புதுசாக 'எக்ஸ்' முத்திரை வைத்திருந்தார்கள். மெதுவாக அழுத்தினேன், பாதி எக்ஸ்தான் விழுந்தது. 50 வெள்ளி கொடுத்து வாங்கிய ஓட்டு செல்லாமல் போய்விடுமோ என்று வயிறு கலங்கியது. அதே கட்டத்துக்குள் இன்னொரு தடவை, ஊன்றி அழுத்தினேன். யாருக்கு என்பது தெளிவாக இருந்தால் செல்லும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டபோது கையில் லேசாக மை.

அன்றிரவு, கொஞ்சம் ஓட்டுகளை மட்டும் முதலில் எண்ணிச் சொல்லும் மாதிரி எண்ணிக்கையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. இறுதியில் தர்மனுக்கு 70.4 விழுக்காடு. மற்ற இரு வேட்பாளர்கள் இங் கொக் சொங்கும் டான் கின் லியானும் வெகு தூரம் பின்னால்.

"இவ்வளவு வித்தியாசம்னா என் ஒரு ஓட்டு இல்லாட்டியும் ஆயிருக்கும்" என்றேன்.

அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அடுத்த எலக்‌ஷனுக்கும் தூங்கு. அம்பது வெள்ளி தனியா எடுத்து வெச்சுடறேன்" என்றார்.