பிளேட்டோவின் நான்கு குழிகள்

ஒருவழியாக நான்கு குழிகளும் என் படத்தில் சிக்கிவிட்டன. நிலவில் பிளேட்டோ பள்ளத்தின் விட்டம் 101 கி.மீ. அதன் தரையில் கிடக்கும் குட்டிக் குழிகளில் பெரியவையே இரண்டு கி.மீ. சொச்சம்தான்; இங்கிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஓர் ஆர்க் விநாடி, அதாவது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. என் தொலைநோக்கியின் 200 மி.மீ. ஆடி 0.6 ஆர்க் விநாடி வரை பிரித்துக் காட்டக்கூடியது. ஆடி மேல் குற்றமில்லை, காற்றுதான் மூன்று குளிர்காலங்களாக விளையாட்டுக் காட்டியது.

மொரீசியஸில் காத்ர் போர்ன் ஊரிலுள்ள என் வீட்டு மொட்டை மாடியைப் பற்றிப் பேசவே வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவு வரை அதைக் கக்கிக்கொண்டிருக்கும். மேற்குக் கரையில் ஃபிளிக் அன் ஃபிளாக் போனேன். மழை மறைவுப் பகுதி, துடைத்துவிட்டது போன்ற வானம். ஆனால் தென்கிழக்குக் காற்று தீவின் நடுமேட்டையும் மலைகளையும் ஏறி இறங்கிக் குழம்பித்தான் அங்கே வந்து சேர்கிறது. தெளிந்த வானமும் அசையாத வானமும் ஒன்றல்ல என்று புரிய எனக்கு இரண்டு வருடப் பெட்ரோல் செலவானது.

இம்முறை தென்கிழக்கே மயேபூர்க்கில் அத்தை வீட்டில் தங்கி, பக்கத்தில் புவான்ட் தெஸ்னி கரைக்குப் போனேன். “அங்கே தெரியாத நிலாவா இங்கே தெரியப்போகிறது?” என்று சிரித்தார் அத்தை. ஆனால் இந்தக் கரைக்குக் கடற்காற்று எதிலும் மோதாமல் நேராக வருகிறது. மேகம் மட்டும் வந்து வந்து போகும்.

அங்கும் முதல் ஒரு மணி நேரம் நிலவு கொதிநீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளிந்தது. கேட்டை நட்சத்திரத்தைக் குவியத்திலிருந்து விலக்கி, வட்டத் தட்டாக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பரிசோதனை இல்லை. தட்டின் குறுக்கே கோடுகள் ஒரே திசையில் விரைந்தோடினால் உயரத்துக் காற்று; நம்மால் ஒன்றும் செய்ய முடியாது, மூட்டை கட்டலாம். புகை போல மெல்லச் சுருண்டால் சூடு பக்கத்திலேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்தது புகை. ஆடியைக் குளிர்விக்கும் விசிறி இரண்டு மணி நேரமாக ஓடுகிறதே என்று குழம்பிக் குழாய் முழுவதும் தடவிப் பார்த்த பிறகுதான் உறைத்தது: காற்றுக்குத் தடுப்பாக நானே கொண்டுவந்து நிறுத்திய கார்! பானெட்டில் தோசை வார்க்கலாம். காரை இருபது அடி தள்ளி நிறுத்தினேன். பத்து நிமிடத்தில் தட்டு அடங்கியது.

685 நானோமீட்டர் அகச்சிவப்பு வடிகட்டி போட்டு 6,000 படச் சட்டங்கள் எடுத்து, அவற்றில் தெளிவான 8 விழுக்காட்டை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினேன். இந்த வடிகட்டி சுங்கத்தில் ஐந்து வாரம் உறங்கிவிட்டு வந்தது. இனி பக்கத்துத் தீவான ரெயூனியன் போய்வருபவர்களிடம் சொல்லித்தான் வாங்குவேன். போகிறவர் நானாகவே இருந்தால் இன்னும் நல்லது. அங்கே மைதோ உச்சி சுமார் 2,200 மீட்டர், பல இரவுகளில் மேகம் காலுக்குக் கீழே நிற்குமாம். குழாயை விமானத்தில் ஏற்ற மரப்பெட்டிக்கு அளவெடுத்தாயிற்று.

நிலவின் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கின் நடுவே ஓடும் நூல் போன்ற பிளவையும் அன்றிரவே எடுத்தேன். அந்தக் கோப்புகளை இன்னும் திறக்கவில்லை. முதலில் ஆடியில் படிந்த கடல் உப்பைக் கழுவ வேண்டும்.