பியானோ தொடக்க மாணவர்களுக்குத் தொடுகை, நாதம், லயம்: நான் சொல்லிக்கொடுக்கும் முறை

கிரேடு தேர்வுக்குத் தயார் செய்கிறோம் என்றாலே ஸ்வரம் தப்பாமல் வாசிக்க வைப்பதில்தான் பலருக்கும் முழுக் கவனம். இசைத் தேர்வுகள் நடத்தும் பிரிட்டிஷ் அமைப்பான ஏபிஆர்எஸ்எம்-இன் செய்முறைத் தேர்வில் ஒரு பாடலுக்கு 30 மதிப்பெண். அதைப் போடும்போது ஸ்வரம், காலம், நாதம், வடிவம், மொத்த வாசிப்பு என்று ஐந்தையும் தேர்வாளர் பார்க்கிறார். ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்ற நான்கும் தேர்வு நெருங்கும்போது ஒட்டுவேலை ஆகிவிடும். அதனால் நோட்டேஷன் புத்தகத்தைத் திறக்கும் முன்பே தொடுகையை ஆரம்பித்துவிடுவேன்.

முதல் வகுப்பில் பியானோவின் மேல்மூடியைத் திறந்து உள்ளே பார்க்க விடுவேன். ஒரு கீயை மிக மிக மெதுவாக அழுத்தச் சொல்வேன். சுத்தியல் தந்தியை நோக்கிப் போகும், தொடாமலே திரும்பிவிடும். கீ முழுசாக இறங்கியிருக்கும், ஆனால் சத்தமே வராது. இதைப் பார்த்த மாணவர் கேட்காமல் இருக்க மாட்டார்: "அழுத்தினேனே, ஏன் கேட்கலை?"

பாடம் அங்கேதான் இருக்கிறது. கீ இறங்கும் ஆழம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான். அடியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கீயின் பிடியிலிருந்து விடுபட்டுவிடுகிறது. மீதி தூரத்தைத் தன் வேகத்திலேயே கடந்து தந்தியில் அடிக்கிறது. ஒலி பெரிதா சிறிதா என்பது அந்த வேகத்தைப் பொறுத்தது. அடியில் போய் எவ்வளவு அழுத்தினாலும் மணிக்கட்டு வலிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரே ஒரு கீயில் வேலை. சத்தம் வராத அழுத்தத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகம் கூட்டி, முதன்முதலில் கேட்கிற மெல்லிய ஒலியைத் தேடச் சொல்வேன். கிடைத்ததும் அதே அளவில் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். பார்க்க எளிது, செய்தால்தான் தெரியும். விரல்நுனி கீயை ஒட்டியே இருக்கட்டும். உயரத் தூக்கி அடித்தால் இசையோடு 'டக்' என்ற சத்தமும் சேர்ந்து வரும். "மென்மையாக வாசி" என்று வாயால் ஆயிரம் தடவை சொன்னாலும் வராத கட்டுப்பாடு இதில் வந்துவிடுகிறது. எடையில்லாத கீ கொண்ட சின்ன கீபோர்டில் மட்டும் இந்தப் பயிற்சி எடுபடாது.

லயத்துக்கு வருவோம். கைதட்டுவது, நடந்துகொண்டே எண்ணுவது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். ஒரு எண்ணிக்கையை இரண்டாகப் பிரிக்க 'தக', நான்காகப் பிரிக்க 'தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தால் நாக்கில் படிந்தது விரலுக்கு வரும். சீராக 'டிக் டிக்' என்று தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை ஆரம்பத்திலேயே ஓடவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. உள்ளே ஒரு துடிப்பு உருவான பிறகு, அது சரிதானா என்று பார்த்துக்கொள்ள வைத்தால் போதும்.

லயப் பிழை என்று நாம் திருத்துவதில் பாதி, விரலை எடுப்பதில் வரும் பிழை. நான்கு எண்ணிக்கை நிற்க வேண்டிய ஸ்வரத்தை மூன்றிலேயே விட்டுவிடுவார்கள். விரலை எடுத்ததும் தந்தியின் மேல் மெத்தை போன்ற கட்டை வந்து அமர்ந்து ஒலியை நிறுத்திவிடும். ஆகவே எண்ணும்போது "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எடு" என்று எடுப்பதையும் சேர்த்தே சொல்ல வைக்கிறேன். ஸ்வரங்களை இடைவெளியில்லாமல் இணைத்து வாசிக்கும் லெகாட்டோவும் இதே கணக்குதான்: அடுத்த விரல் இறங்கும் கணத்தில் முந்தைய விரல் எழ வேண்டும். முன்னால் எழுந்தால் இடைவெளி, பின்னால் எழுந்தால் கலங்கல்.

வேகத்தைப் பாடலின் கடினமான பகுதியை வைத்து முடிவு செய்யுங்கள். எளிதான தொடக்கத்தை வைத்து முடிவு செய்தால் நடுவில் கட்டாயம் தடுக்கும்.

தேர்வு அறையில் இருக்கும் பியானோவின் கீ எடை வேறாக இருக்கும். தேர்வுக்கு முன் வேறு ஓரிரண்டு பியானோக்களில் வாசிக்க வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுங்கள். அங்கே போனதும் முதல் வேலையாக ஸ்டூலின் உயரத்தைச் சரி செய்துகொள்ளச் சொல்லுங்கள். முழங்கை தொங்கினாலோ தோள் ஏறினாலோ பழகிய தொடுகை வராது.