வெள்ளவத்தை வெயிலில் ஒரு சுப்பர்சார்ஜர்

"சின்னப் புல்லி ஒன்றைப் போடு மச்சான், கார் பறக்கும்." மினி கூப்பர் எஸ் வைத்திருக்கிறேன் என்று தெரிந்தால் போதும், கொழும்பில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். புல்லி என்றால், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சுப்பர்சார்ஜரைப் பெல்ட்டால் சுழற்றுகிற சக்கரம்; சின்னதாக இருந்தால் வேகமாகச் சுற்றும். அதை நானும் மாற்றினேன்தான். ஆனால் இந்தக் காருக்குச் செய்த வேலைகளில் அது கடைசிக்கு முதல் வேலை. அதற்கு முன்னால் செய்ததெல்லாம் சூட்டை இறக்குகிற வேலை. இந்த ஊரில் குதிரைவலு வேண்டுமென்றால் முதலில் குளிர்ந்த காற்றுக்கு வழி பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கார் 2005ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ், ஆர்53 என்ற மொடல். 1598 சிசி, ஈட்டன் எம்45 சுப்பர்சார்ஜர், புதிதில் 170 குதிரைவலு. மாமா இதை வெள்ளைக்காரன் கார் என்பார். மேல் மாடி அங்கிள் ஜெர்மன் கார் என்பார். எஞ்சின் இரண்டுமில்லை. பிரேசிலில் கம்போ லார்கோ என்ற ஊரில், கிறைஸ்லரும் பிஎம்டபிள்யூவும் கூட்டாக நடத்திய ட்ரைடெக் தொழிற்சாலையில் செய்தது. அடியில் வார்ப்பிரும்பு, முரட்டு உடம்பு, கொஞ்சம் கூடுதலாக அடித்தாலும் தாங்கும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைப்பட்ட காலத்தில் பழைய காரை விற்றுவிட்டு வேறு ஒன்று எடுப்பது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. இருப்பதைச் செப்பனிடுவோம் என்று தொடங்கியதுதான் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

புல்லிக்காரர்கள் சொல்வதில் பிழையில்லை, கணக்குச் சரியாகத்தான் வருகிறது. எம்45 என்பதில் உள்ள 45, ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலக் காற்றைத் தள்ளும் என்பதைக் குறிக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 737 சிசி. எஞ்சின் ஒரு சுற்றுக்கு 799 சிசி குடிக்கும். சுப்பர்சார்ஜர் எஞ்சினைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுவதால், குடிக்கக்கூடியதைவிட முக்கால் பங்குக்கு மேல் அதிகக் காற்று வந்து சேருகிறது. அதுதான் பூஸ்ட். புல்லியின் விட்டத்தை 15 வீதம் குறைத்தால் வேகம் 17, 18 வீதம் கூடும். எஞ்சின் 7000 சுற்றில் ஓடும்போது 14,000இல் சுற்றியது 16,500இல் சுற்றும். பூஸ்ட் முள் 0.8 பாரிலிருந்து 1 பாருக்கு ஏறும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ கடல் மட்டக் காற்றழுத்தம்). பெல்ட்டால் ஓடுகிற சாமான் என்பதால், எஞ்சின் புகையால் சுற்றுகிற டர்போவைப் போலக் காத்திருக்கவும் தேவையில்லை, மிதித்த மாத்திரத்தில் இழுக்கும். சுப்பர்சார்ஜர் போடுகிற அழுகுரலுக்காகவே இந்தக் காரை வைத்திருக்கிறவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்.

வில்லங்கம் அந்த எம்45 காற்றை எப்படி அழுத்துகிறது என்பதில் இருக்கிறது. ரூட்ஸ் வகைச் சுப்பர்சார்ஜர் தன் வயிற்றுக்குள் காற்றை நசுக்குவதில்லை. கோட்டை ஸ்டேஷனில் மாலை ரயிலுக்கு முண்டியடிக்கிற சனம்போல, ஏற்கெனவே நிறைந்திருக்கிற இடத்துக்குள் மேலும் மேலும் தள்ளுகிறது. உள்ளே இருக்கிற அழுத்தக் காற்று திருப்பி மோதுகிறது. அந்த மோதலில் கிடைப்பது சூடு. வெளியே 32 பாகை என்று வையுங்கள். 0.8 பார் பூஸ்டில், திறன் 55 வீதம் என்று எடுத்தால், சுப்பர்சார்ஜரை விட்டு வெளியேறும் காற்று 130 பாகையைத் தாண்டும். சின்னப் புல்லியோடு 1 பார், வேகம் கூடியதால் திறன் 50 வீதம் என்று எடுத்தால் 165 வரும். அழுத்தத்தைக் கூட்டிக் காற்றை நிறைத்ததில் ஒரு பங்கை, சூட்டால் விரிந்தே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அழுத்திய காற்றைக் குளிர்த்துகிற இன்டர்கூலருக்குப் பின்னால் காற்று 10 பாகை கூடினால் அடர்த்தி 3 வீதமளவில் குறையும். அதைவிடப் பெரிய அடி டைமிங்கில், அதாவது ப்ளக் தீப்பொறி போடுகிற நேரத்தில். சூடான காற்றில் பெற்றோல் முந்திக்கொண்டு வெடிக்கப் பார்க்கும், அந்தத் தட்டலை (நொக்) நொக் சென்சர் கேட்டுவிடும், காரின் கணினியான ஈசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். கூடுதல் பூஸ்ட் இருந்தும் கார் முன்பைவிடச் சோம்பேறியாக இருக்கும்.

இதை எனக்கு முதலில் விளங்கப்படுத்தியவர் தெமட்டகொடையில் கராஜ் வைத்திருக்கிற ஒரு நானா. லண்டனிலிருந்து மச்சாள் கொண்டுவந்த புல்லியை, சூட்கேசில் சொக்லேட்டுக்கும் குழந்தையின் சப்பாத்துக்கும் நடுவில் வந்த அந்தப் பளபளப்பான சாமானை, ஆசையோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தம்பி, இது நல்ல சாமான்தான். ஆனா ஒங்கட காத்து சூடா ஈக்கு. மொதல்ல அதப் பாப்பம்."

காரின் கணினியைப் படிக்கிற ஒரு ஓபிடி கருவியை ஃபோனோடு இணைத்துக் காற்றுச் சூட்டைப் பதிந்துகொண்டு வரச் சொன்னார். இந்தக் காரில் அந்தச் சென்சர் இன்டர்கூலருக்குப் பிறகு, எஞ்சினுக்குக் காற்று போகிற மனிஃபோல்டில் இருப்பது வசதி. மாலை ஆறு மணிக்குக் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வீட்டுக்கு ஊர்ந்து வரும்போது 70 பாகையைத் தாண்டியது. கொட்டாவையில் ஏறி தெற்கு அதிவேகப் பாதையில் நூறில் சீராகப் போனால் 45க்கு இறங்கியது. அதே கார், அதே பெற்றோல். இன்டர்கூலர் நேரே எஞ்சினின் தலையில் குந்திக்கொண்டிருக்கிறது, காற்று பொனட்டின் மூக்கு வழியாக மட்டும்தான் வரும். கார் நின்றால் அது இன்டர்கூலர் இல்லை, எஞ்சின் சூட்டில் வேகிற அலுமினியக் கட்டி.

அங்கிருந்துதான் வேலை தொடங்கியது, அதுவும் மலிவான இடத்திலிருந்து. பொனட் மூக்குக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் விளிம்பு இருபது வருஷ வெயிலில் சுருங்கிப் போயிருந்தது. வருகிற காற்றில் பாதி இன்டர்கூலருக்குள் போகாமல் பக்கத்தால் வழிந்துகொண்டிருந்தது. பஞ்சிகாவத்தையில் மினி சாமான் தேடுவது வீண் அலைச்சல், ஆனால் நல்ல ரப்பர் பட்டி அங்கே அடிக்கணக்கில் வாங்கலாம். வெட்டி ஒட்டினோம். இன்டர்கூலரின் இரண்டு பக்கத்து ரப்பர் இணைப்புக் குழாய்களிலும் ஒயில் ஊறி, ஒன்றில் வெடிப்பும் இருந்தது, மாற்றினோம். இந்த இரண்டுக்கும் ஆன செலவு ஒரு நல்ல ரயரின் விலைகூட இல்லை. கார் ஓடும்போது சூடு கண்ணுக்குத் தெரிய இறங்கியது.

பிறகுதான் பெரிய இன்டர்கூலர். முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கிற வகையா, பழைய இடத்திலேயே தடிப்பான ஒன்றா என்று நானாவோடு நிறையக் கதைத்தோம். முன்பக்க வகை ஓடும்போது நன்றாகக் குளிர்த்தும். ஆனால் குழாய் நீளம், ரேடியேட்டரை மறைக்கும், பம்பருக்குள் வெட்டுக்கொத்து. நான் ஓடுவதில் பெரும் பங்கு காலி வீதி நெரிசல் என்பதால் எஞ்சினைக் குளிர்த்துகிற ரேடியேட்டரை மறைக்க விருப்பமில்லை. மேல் வகையையே எடுத்தேன். ஒரு கிளைக்கதை: வெள்ளவத்தையில், அதுவும் மரைன் டிரைவ் பக்கம் கார் நிறுத்துகிறவர்கள் இன்டர்கூலரை இடைக்கிடை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடலுப்பு அந்த மெல்லிய அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். பெரிய சாமானில் தகடும் அதிகம்.

அதே நேரத்தில் சுப்பர்சார்ஜரைக் கழற்றி அதன் ஒயிலையும் பார்த்தோம். இதைப் பலர் கவனிப்பதில்லை. எம்45இன் இரண்டு முனையிலும் தனித்தனியே கியர் ஒயில் இருக்கிறது, எஞ்சின் ஒயிலோடு அதற்குச் சம்பந்தமில்லை. பின்முனைக் கியர்தான் வோட்டர் பம்பையும் சுழற்றுகிறது. அந்த ஒயில் வற்றினால் கியர் தேயும், பம்ப் நிற்கும், எஞ்சின் கொதிக்கும். என்னுடையதில் முன்முனையில் ஒயில் இருந்தது, பின்முனையில் கருப்பாகக் கொஞ்சம் பசைதான் மிச்சம். கியர்ப் பற்கள் தப்பியது அதிர்ஷ்டம். புது ஒயிலின் நாற்றம் சொல்லி மாளாது, இரண்டு நாள் அம்மா என்னைச் சமையலறைப் பக்கம் விடவில்லை. இருபது வருஷச் சுப்பர்சார்ஜரை 17 வீதம் வேகமாகச் சுற்றப் போகிறவர்கள் இதைச் செய்யாமல் புல்லியைத் தொடவே கூடாது. முன்பக்கம் முழுவதையும் நீளமான போல்ட்டுகளில் முன்னால் இழுத்துவைத்துச் செய்கிற வேலை என்பதால், பெல்ட் டென்ஷனரையும் அப்போதே பார்த்துவிடலாம்.

புல்லி மாற்றியது பெரிய கதை இல்லை. பழையது இறுக்கிப் பொருத்தியது, தட்டிக் கழற்ற முடியாது, சுத்தியல் அடித்தால் உள்ளே பெயாரிங் போகும். அதைக் கழற்றுகிற கருவியான புல்லர் இங்கே கிடைக்காததால் கிருலப்பனையில் ஒரு லேத் கடையில் அளவு கொடுத்துக் கடைந்தோம். 15 வீதம், அதற்கேற்ற குட்டைப் பெல்ட், ஒரு படி குளிர்ந்த, அதாவது சூட்டை விரைவாக வெளியேற்றுகிற, ப்ளக். தொழிற்சாலையே ஜோன் கூப்பர் வேர்க்ஸ் என்ற இன்னும் வேகமான மினிக்கு 11 வீதத்தோடு நின்று, மிச்சத்தை ஹெட்டிலும் இன்ஜெக்டரிலும் எடுத்தது. 17, 19 வீதப் புல்லிகளும் விற்கிறார்கள். ஒரு கால் மைல் ஓட்டத்துக்குச் சரி, நம் வெயிலில் அந்த வேகத்தில் எம்45 செய்வது முக்கால்வாசி அடுப்பு வேலை.

கடைசி வேலை டியூன், அதாவது ஈசியூவின் கணக்குகளைத் திருத்துவது. இணையத்தில் காசு கட்டினால் ஆயத்த ஃபைல் அனுப்புவார்கள். அவை அனேகமாக இங்கிலாந்தை மனதில் வைத்து எழுதியவை: வெளியே 15 பாகை, பம்பில் 97, 99 ஒக்டேன். நான் அடிப்பது 95, வெளியே பகலில் அனேகமாக 30க்கு மேல். அதே டைமிங்கை இங்கே கொடுத்தால் எஞ்சின் ஒவ்வொரு மிதிப்பிலும் நொக் சென்சரின் தயவில் ஓடும். அதனால் இங்கேயே, வலுவை அளக்கிற டைனோவில் ஏற்றி, முழு மிதிப்பில் காற்று-எரிபொருள் விகிதத்தை 12க்குச் சற்றுக் கீழே வைத்து, டைமிங்கை அரைப் பாகை அரைப் பாகையாகக் கூட்டி, நொக் தலைகாட்டும் இடத்திலிருந்து இரண்டு பாகை பின்வாங்கினோம். காற்றுச் சூடு 55ஐத் தாண்டினால் டைமிங்கைத் தானே குறைக்கிற அட்டவணையையும் நானா கவனமாகத் திருத்தினார். அதற்கே அதிக நேரம் போனது. சில்லில் 146 குதிரைவலு இருந்தது 175 ஆனது. தொடர்ந்து மூன்றாவது முறை இழுத்தபோது 166. "இதுதான் தம்பி ஒங்கட உண்மையான நம்பர்," என்றார் நானா. விசிறி வைத்த கராஜிலேயே அப்படியென்றால் பொரளைச் சந்தியில் எப்படியிருக்கும் என்று யோசியுங்கள்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்கு ஏறினோம். அங்கே வெளியே 16 பாகை, கார் துள்ளும் என்று எதிர்பார்த்துப் போனவனுக்கு முள் 0.8க்கு மேல் ஏறவில்லை. எங்கேயோ ஒழுகுகிறது என்று மனைவி முடிவே கட்டிவிட்டாள். ஒழுக்கு இல்லை, உயரம். 1,868 மீற்றரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுப்பர்சார்ஜர் கொடுப்பது ஒரு மடங்கு, நிலையான அழுத்தம் இல்லை. வருவதை இரட்டிப்பாக்கும், வருவதே குறைவென்றால் இரட்டிப்பும் குறைவு. குளிர் திருப்பிக் கொடுப்பது ஐந்து வீதமளவில்தான். டர்போ என்றால் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி அந்தக் குறையை நிரப்பப் பார்க்கும், பெல்ட்டில் ஓடுகிறதுக்கு அந்த வழி இல்லை. ஆனால் டைமிங் ஒரு தடவைகூடப் பின்வாங்கவில்லை. ஹக்கலைக்கு இறங்கி ஏறியதில் கார் கொழும்பில் ஒருநாளும் ஓடாத அளவுக்குச் சீராக ஓடியது.

புகைப் பரிசோதனை கேட்டு எழுதியவர்களுக்கு: போன மாதம் பாஸ், புகையைச் சுத்திகரிக்கிற கட்டலிஸ்டைத் தொடவில்லை. இன்ஷூரன்சுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பிரீமியம் கொஞ்சம் கூடியது. இனிச் செய்ய இருப்பது கிராங் புல்லியில் அதிர்வைத் தாங்குகிற டாம்பர். அதன் ரப்பர் வயதாகிப் பிரிந்தால் பெல்ட் எகிறிவிடும். மச்சாளுக்கு அளவு அனுப்பியிருக்கிறேன், டிசம்பரில் வருகிறாள்.