தருமபுரத்து லப்டொப்பும் தீபாவளிப் படமும்

2025 ஒக்டோபர் 11, சனி. கிளிநொச்சி

தருமபுரத்திலிருந்து ஒரு அக்கா மகனின் லப்டொப்பைக் கடைக்குக் கொண்டு வந்தார். பெடியனுக்கு வாற மாதம் ஏ.எல். சோதனை. கனடாவில் இருக்கிற மாமா அனுப்பின காசில் வாங்கியது. “தம்பி, புதுப்படம் எண்டு ஏதோ இறக்கினவனாம், அது ஓடேல்லை. இப்ப இவன்ர பேஸ்புக்கில இருந்து எல்லாருக்கும் லிங்க் போகுது” என்றார்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். கோப்பின் முகத்தில் விஎல்சி என்கிற வீடியோ பிளேயரின் செம்மஞ்சள் கூம்பு, பெயரின் கடைசியில் எம்பி4. யார் பார்த்தாலும் படம் என்றுதான் நினைப்பார்கள். விண்டோஸ் தனக்குத் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை வழக்கமாகவே மறைத்து வைக்கிறது. ‘வியூ’வுக்குள் போய் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதற்குச் சரி போட்டதும், எம்பி4க்குப் பின்னால் ஒளிந்திருந்த ‘.இஎக்ஸ்இ’ வெளியே வந்தது. வீடியோவே இல்லை, ஒரு புரோகிராம். புரோகிராமுக்கு எந்தப் படத்தையும் ஐகனாக ஒட்டலாம்.

அளவு 4 எம்பி. இரண்டரை மணி நேரப் படம் அதற்குள் அடங்காது. ஆனால் அளவை மட்டும் நம்பவும் கூடாது. வெறும் பூச்சியங்களால் நிரப்பி 700 எம்பிக்கு ஊதிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வைஃபையை நிறுத்திவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் போட்ட பென்ட்ரைவில் லப்டொப்பைத் தொடக்கினேன். இப்படித் தொடக்கினால் உள்ளே இருக்கிற விண்டோஸ் எழும்பாது, அதோடு சேர்ந்து வைரஸும் எழும்பாது. பெடியனின் பாடக்குறிப்புகளை எடுத்தேன். அப்புறம் ‘அம்மா’ என்று ஒரு ஃபோல்டர். அக்காவின் தம்பியினுடைய படங்கள். வீட்டு அல்பங்கள் எல்லாம் 2009இல், போரின் கடைசி மாதங்களில், மாத்தளன் போகிற வழியில் விடுபட்டுப் போயின. சுவிஸில் இருக்கிற சொந்தக்காரர் தன்னிடம் இருந்தவற்றை ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கிறார். எங்களிடம் இதற்கு வேறு கொப்பி இல்லை என்றார் அக்கா. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வேர் வகையாக இது இருந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. வன்னியில் எத்தனை வீடுகளில் இப்படி ஒரு ஃபோல்டர் இருக்கிறது! அவற்றை வெளியே ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, கணினியில் கொழுவாமல் அலுமாரிக்குள் வையுங்கள்.

இது திருடுகிற வகை. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், நாங்கள் கணக்குக்குள் போயிருக்கிறோம் என்று நினைவில் வைக்கிற குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். குக்கி கையில் கிடைத்தால் கடவுச்சொல் தெரியாமலே உள்ளே போகலாம். அதனால் அக்காவின் போனில் இருந்து பெடியனின் கடவுச்சொற்களை மாற்றி, எல்லா இடத்திலும் லொக் அவுட் கொடுத்தோம். அதே லப்டொப்பில் இருந்து மாற்றினால் புதுக் கடவுச்சொல்லும் அவர்களிடம்தான் போய்ச் சேரும்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸை முழுதாக அழித்துப் புதிதாகப் போட்டேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு இன்றோடு முடிகிறது. பதிந்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஒக்டோபர் வரை வரும். இங்கே அதிகம் ஓடுவது பழைய லப்டொப்கள்தான், ஆகவே இதைப் பதியாமல் விடக்கூடாது.

ஒக்டோபர் 17, வெள்ளி. நல்ல மழை

“அண்ணா, அப்ப உண்மையான எம்பி4இல வைரஸ் வராதோ?” என்று ஒரு பெடியன் கேட்டான். நல்ல கேள்வி. வீடியோக் கோப்பு தானாக எழும்பி ஓடாது. ஆனால் அதைத் திறக்கிற பிளேயரில் ஓட்டை இருந்தால் அந்த வழியால் நுழையலாம். 2015இல் ஆண்ட்ராய்டில் வீடியோவைக் கையாளுகிற ஸ்டேஜ்ஃபிரைட் என்கிற பகுதியில் இப்படி ஓட்டைகள் பிடிபட்டன. 2017இல் விஎல்சி, கோடி போன்ற பிளேயர்களைச் சப்டைட்டில் கோப்பு மூலமே கைப்பற்றலாம் என்று காட்டினார்கள். இரண்டையும் திருத்திவிட்டார்கள், ஆனால் அப்டேட் போடாத போனுக்கும் பிளேயருக்கும் அந்தத் திருத்தம் எப்படி வரும்?

என் மேசைக்கு வருகிறவை பெரும்பாலும் ஆளே கையால் உள்ளே விட்டவை. ‘இந்தப் படம் ஓட கோடெக் தேவை’ என்று, வீடியோவைப் பிரித்துக் காட்டுகிற ஒரு துணைப் புரோகிராமைக் கேட்கும், அமத்தினால் அதுதான் வைரஸ். அல்லது கடவுச்சொல் போட்ட ஸிப். பூட்டிக் கிடந்தால் அன்ரிவைரஸால் உள்ளே பார்க்க முடியாது, அதற்காகவே பூட்டுகிறார்கள். போனில் என்றால் ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு அப் ஒன்றைப் போடுகிற கோப்பு. கோயில் திருவிழா வீடியோ என்று லிங்க் வரும், பார்க்க ஒரு ‘பிளேயர்’ போடச் சொல்லும், போட்டதும் எஸ்எம்எஸ் வாசிக்க அனுமதி கேட்கும். வீடியோ பார்க்க எஸ்எம்எஸ் எதற்கு? வங்கி அனுப்புகிற ஓடிபி இலக்கத்துக்குத்தான். வெளிநாட்டுக் காசு வந்து விழுகிற கணக்குகள் எங்கள் முதியவர்களின் பேரில் இருக்கின்றன. அவர்களின் போனைப் பிள்ளைகள் அடிக்கடி வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி, படம் மாற்ற பென்ட்ரைவ்கள் கை மாறுகின்றன. ஒன்றில் ஃபோல்டர்கள் எல்லாவற்றின் மூலையிலும் சின்ன அம்புக்குறி. அவை ஷோர்ட்கட்கள், அமத்தினால் வைரஸ் ஓடும். உண்மையான ஃபோல்டர்கள் மறைந்து கிடக்கும், அழியாது. ஆகவே பயந்துபோய் ஃபோர்மட் பண்ண வேண்டாம்.

அக்கா மகனோடு வந்து லப்டொப்பை எடுத்துக்கொண்டு போனார். பெடியனுக்கு அட்மின் உரிமை இல்லாத கணக்கு ஒன்று போட்டுக் கொடுத்தேன். கூடப் படிக்கிறவர்கள் சிலரும் அதே லிங்கில் இறக்கியிருக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமை கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை வைஃபையை நிறுத்தி, அதில் எந்தக் கணக்குக்குள்ளும் போகாமல் வைக்கச் சொல்லி அவனையே போன் எடுக்க வைத்தேன்.